மறதிக்காரப் பிள்ளைக்கு மேல்படிப்பு இல்லையா?

பிளஸ்-2 பரீட்சை முடிவு வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், டீக்கடைக்காரர் மகனுக்கு நல்ல மார்க்கு. என்ஜினீயரிங் படிப்புக்குக் கணக்கிடும் 'கட்-ஆப்' 200-க்கு 171. தகப்பனார் அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் டீ கொடுத்தார்.

மூன்று மாதம் கழிந்தது. அதே கடையில் அந்தப் பையன் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான்.

என்ன நடந்தது? பணம் இல்லையா? இடம் கிடைக்கவில்லையா?

இரண்டும் இல்லை. கலந்தாய்வில் அவனுக்கு இடம் கிடைத்தது. ஆசைப்பட்ட கல்லூரி, ஆசைப்பட்ட பாடம். குறித்த நாளில் மாலை 5 மணிக்குள் சம்மதம் தெரிவிக்கவேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கடைசி நாள் காலை 11 மணிக்குப் பையன் அதைப் பார்த்தான். "சாப்பிட்டுவிட்டு அழுத்தலாம்" என்று எழுந்தான். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். போனான். மோட்டாரைப் பிரித்தான், பழுது பார்த்தான், ஓடவும் வைத்துவிட்டான். வீடு திரும்பியபோது மணி ஐந்தரை. இடம் போய்விட்டது!

"ஏலே, ஒரு பொத்தானை அமுக்க உனக்கு ஒரு நாள் பத்தலையால?" என்று தகப்பனார் கேட்டார்.

"மறந்துட்டேம்பா" என்றான் பையன். வேறு பதில் அவனிடம் இல்லை.

இனி வேறு வழி உண்டா என்று விசாரிக்கவும் அவனுக்கு வெட்கம். ஒரு வருஷம் வீணாயிற்று. ஊரார் அவனுக்குக் கொடுத்த பட்டம் 'சோம்பேறி'.

சோம்பேறியா அவன்? கூப்பிட்டவுடன் போய் மோட்டாரைப் பழுது பார்த்தவனா சோம்பேறி? இதைத்தான் பெற்றோர்களும் ஆசிரியர்களும் அரசாங்கமும் சற்று நின்று யோசிக்கவேண்டும்.

புது வியாதி அல்ல

அந்தப் பையனுக்கு இருப்பது 'ஏ.டி.எச்.டி.' என்று டாக்டர்கள் பின்னால் கண்டுபிடித்தார்கள். தமிழில், கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு. பெயர் நீளம். விஷயம் எளிது. ஒன்றில் மனத்தை நிறுத்துவது, ஆசையை அடக்கிக் காத்திருப்பது, வேலையை வரிசையாகச் செய்து முடிப்பது ஆகியவற்றைக் கவனிக்கும் மூளைப் பகுதிகள் சிலருக்குத் தாமதமாக வளர்கின்றன. வேறு விதமாக வேலை செய்கின்றன. உலகில் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது இருக்கிறது. குடும்ப வழியாக வருவதே அதிகம். வளர்ப்பில் பிசகு என்று தாயைக் குற்றம் சொல்வது அநியாயம்.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் உண்டா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்டு! ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹாஃப்மன் என்ற டாக்டர், தம் மகனுக்காக எழுதிய படப் புத்தகம் 1845-ல் வெளிவந்தது. அதன் அடுத்தடுத்த பதிப்புகளில் இரண்டு பையன்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவன் சாப்பாட்டு மேஜையில் ஆடி ஆடி, துணியோடு சேர்த்து எல்லாவற்றையும் கவிழ்ப்பவன். இன்னொருவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து தண்ணீரில் விழுபவன். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் 1902-ல் செய்த பிரசங்கங்களில், அறிவு குறையாத, ஆனால் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றி விவரித்தார். அமெரிக்க மனநல டாக்டர்களின் கையேட்டில் 1968-ல் இது இடம் பெற்றது. 1987-ல் இப்போதைய பெயர் வந்தது.

இந்தத் துறையில் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க நிபுணர் ரஸ்ஸல் பார்க்லி ஒரு விஷயத்தை வற்புறுத்திவந்தார். இவர்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரியாமல் இல்லை. தெரிந்ததை உரிய வேளையில் செய்வதில்தான் தடங்கல். இவர்களுக்குக் காலம் இரண்டே வகை: 'இப்போது', 'இப்போது அல்லாதது'. பத்து நாளில் வரும் கெடுவும் பத்து மாதத்தில் வரும் கெடுவும் இவர்களுக்கு ஒரே தூரத்தில் இருக்கின்றன.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். மறதி உள்ள எல்லோருக்கும் இந்தக் கோளாறு என்று நினைத்துவிடக்கூடாது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அடையாளங்கள் தெரிந்திருக்கவேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும் இருக்கவேண்டும். படிப்பையும் வாழ்க்கையையும் கெடுக்கும் அளவுக்கு இருக்கவேண்டும். பிளஸ்-2-வில் செல்போன் வாங்கிக் கொடுத்த பிறகு வந்த கவனக்குறைவு வேறு. அதற்கு மருந்து பெற்றோர் கையில் இருக்கிறது!

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அவர்களில் பலர் ஓடுவதில்லை, குதிப்பதில்லை. வகுப்பில் பேசாமல் உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். "அமைதியான பெண்" என்று ஆசிரியை சொல்லிவிடுவார். கோளாறு கண்ணில் படாமலே போய்விடும்.

சொல்லாமல் வைக்கும் பரீட்சை

இப்படிப்பட்ட பிள்ளைகள் பிளஸ்-2 வரை எப்படியோ வந்துவிடுகிறார்கள். மணி அடித்தால் வகுப்பு; ஆசிரியர் அதட்டினால் படிப்பு; நாளைக்குப் பரீட்சை என்றால் இன்று கண்விழிப்பு. பிறர் போட்ட தண்டவாளத்தில் வண்டி ஓடுகிறது.

பரீட்சை முடிந்த மறுநாள் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் மேல்படிப்பு விண்ணப்பம்!

அதில் எத்தனை படிகள் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் கலந்தாய்வு 2018-ல் கம்ப்யூட்டர் வழிக்கு மாறியது. முதலில் பெயர் பதிவு. பிறகு கட்டணம். பிறகு சாதிச் சான்று, மார்க்குப் பட்டியல் முதலியவற்றைப் படம் எடுத்து ஏற்றுவது. வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று வேண்டியவர்கள் அதற்காக இ-சேவை மையத்துக்கு நடக்கவேண்டும். பிறகு சமவாய்ப்பு எண். சான்று சரிபார்ப்பு. தரவரிசை. பிறகு நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளிலிருந்து விருப்பப் பட்டியல். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், இதுவே போதுமா, மேலே உள்ள இடம் காலியானால் வேண்டுமா என்று குறித்த நேரத்துக்குள் பதில். கடைசியில் கல்லூரிக்குப் போய்ச் சேருவது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு!

இது ஒரு படிப்புக்கு மட்டும். மருத்துவத்துக்கு 'நீட்', அதற்குத் தனிக் கலந்தாய்வு. சட்டத்துக்கு வேறு விண்ணப்பம். கால்நடை மருத்துவத்துக்கு வேறு. அரசுக் கலைக் கல்லூரிக்கு வேறு. மத்திய பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் 'கியூட்' என்ற பரீட்சை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல். செல்போனில் வரும் ஒரு ரகசிய எண். அந்தச் செல்போன் அப்பாவுடையது. அப்பா லாரியில் ஆந்திராவுக்குப் போயிருக்கிறார்!

இந்தப் படிகளில் எதுவும் கணக்கைச் சோதிப்பதில்லை, பௌதிகத்தைச் சோதிப்பதில்லை. ஞாபகம், வரிசை, நேரம் ஆகிய மூன்றைத்தான் சோதிக்கிறது. எந்த மூன்றில் இந்தப் பிள்ளைகளுக்குக் குறையோ, அந்த மூன்றை மட்டும்! நொண்டிப் பிள்ளைக்கு ஓட்டப் பந்தயம் வைத்து, அதில் தோற்றதால் கணக்குப் பரீட்சையிலும் தவறிவிட்டான் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வீட்டில் செய்யவேண்டியது

திட்டினால் மறதி தீராது. திட்டி உபயோகம் உண்டானால், இதுவரை வாங்கிய திட்டுக்கே இந்தப் பிள்ளைகள் எல்லோரும் கலெக்டர் ஆகியிருப்பார்கள். வேறு சில காரியங்கள் செய்யலாம். செலவு அதிகம் இல்லை.

சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பை. அந்தப் பைக்கு வீட்டில் ஒரே ஆணி. பரீட்சை முடிவுக்குக் காத்திராமல், சாதிச் சான்றும் வருமானச் சான்றும் முன்கூட்டியே வாங்கிப் பையில் போட்டுவிடவேண்டும். விண்ணப்ப எண், கடவுச்சொல் எல்லாம் ஒரே நோட்டில். பதிவு செய்யும் செல்போன், விண்ணப்பக் காலம் முழுவதும் வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும்.

சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் இருக்கிறதே, அதைவிட நல்ல கருவி இல்லை. எந்தத் தேதியில் என்ன வேலையோ, அந்தத் தேதித் தாளிலேயே சிவப்பு மையில் எழுதிவையுங்கள். காலையில் தாளைக் கிழிக்கும்போது வேலை கண்ணுக்கு எதிரே நிற்கும். கெடு 15-ந் தேதி என்றால் 13-ந் தேதித் தாளில் எழுதுங்கள். அந்த இரண்டு நாள், மின்சாரம் போவதற்கும் கம்ப்யூட்டர் திணறுவதற்கும்.

விருப்பப் பட்டியலைக் கண்டு இந்தப் பிள்ளைகள் மலைத்துப்போவார்கள். நானூறு பெயரை ஒரே சமயத்தில் காட்டாதீர்கள். எந்தப் பாடம்? எந்த ஊர் வரை போகலாம்? எவ்வளவு கட்டணம் நம்மால் ஆகும்? இந்த மூன்று கேள்வியால் சலித்தால் முப்பதோ நாற்பதோதான் மிஞ்சும். அவற்றைத் துண்டுச்சீட்டுகளில் எழுதிப் பாயில் பரப்புங்கள். எது மேலே, எது கீழே என்று பிள்ளை கையாலேயே அடுக்கட்டும். அடுக்கிய பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றட்டும். வரிசையை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்க்கட்டும். வரிசை தவறினால் ஒதுக்கீடும் தவறிப்போகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. விண்ணப்பம் நிரப்பும்போது பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் நிரப்பாதீர்கள்! கீரை ஆய்ந்துகொண்டோ கணக்கு எழுதிக்கொண்டோ சும்மா உட்கார்ந்திருங்கள். ஆள் பக்கத்தில் இருந்தால் இந்தப் பிள்ளைகளின் மனம் வேலையில் நிற்கிறது. இருபது நிமிஷம் வேலை. ஐந்து நிமிஷம் ஓய்வு. தகப்பனார் கோபக்காரர் என்றால் அவர் வேண்டாம். அக்காவோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டு ஆசிரியரோ உட்காரட்டும்.

"எத்தனை நாளைக்கு நாம் பக்கத்தில் உட்காருவது? உலகம் இவனுக்கு இப்படி நினைவூட்டுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிணற்றுப் படியில் கைப்பிடி வைக்கிறோம். கைப்பிடியைப் பிடித்து ஏறியவன் தன் காலால் ஏறவில்லை என்று யாரும் சொல்வதில்லை. நாளடைவில் காலண்டரை அவனே எழுதிக்கொள்வான். செல்போனில் மணி வைத்துக்கொள்வான். அதுவரை கைப்பிடி வேண்டும். கல்லூரியில் சேர்ந்த பிறகும், முதல் பருவம் முடியும்வரை விட்டுவிடக்கூடாது. விடுதிக் கட்டணம், பரீட்சைக் கட்டணம் என்று அங்கேயும் கெடுக்கள் காத்திருக்கின்றன.

எந்தப் பாடம் என்பதில் பிள்ளையின் விருப்பத்துக்கு மற்றவர்களைவிட இவர்கள் விஷயத்தில் அதிக மதிப்புக் கொடுங்கள். பிடிக்காத பாடத்தில் ஐந்து நிமிஷம் நிற்காத மனம், பிடித்த வேலையில் ஐந்து மணி நேரம் நிற்கும். நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸுக்கு ஒன்பதாவது வயதில் இந்தக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. அவர் தாயார் ஒரு பள்ளி ஆசிரியை. பையனைக் குளத்தில் இறக்கிவிட்டார். ஒலிம்பிக்கில் 28 பதக்கம். அதில் 23 தங்கம்! எல்லோரும் ஃபெல்ப்ஸ் ஆகவேண்டியதில்லை. தனக்கு ஏற்ற குளம் கிடைத்தால் போதும்.

டாக்டரிடம் போக வெட்கம் ஏன்?

சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டவேண்டும். மனநலப் பிரிவு என்றதும் "பைத்தியமா?" என்று பதறுகிறோம். இது பைத்தியம் அல்ல. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இதற்குப் பிரிவு உண்டு. 2013-ல் தொடங்கிய குழந்தை நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் இந்தக் கோளாறும் இருக்கிறது. பதினெட்டு வயது வரை அதன் எல்லை. ஆகவே பிளஸ்-2 படிக்கும் பிள்ளைக்கும் மாவட்ட மையத்தின் கதவு திறந்திருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம்.

பழக்கப் பயிற்சி உண்டு. வேண்டியவர்களுக்கு மாத்திரையும் உண்டு. மெதில்பெனிடேட் என்ற மருந்து 1944-ல் சுவிட்சர்லாந்தில் உருவானது. பலருக்கு நல்ல குணம் தருகிறது. ஆனால் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து அது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது. "பரீட்சைக்கு நல்லது" என்று நண்பனின் மாத்திரையை விழுங்குவது ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது பட்டியல் போடுகிறது. கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது. ஏ.டி.எச்.டி. தனிப் பெயராக இல்லை. 40 சதவீதக் குறைபாடு என்று சான்று பெற்றவர்களுக்கு அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. நாம் பேசும் பிள்ளைகளில் பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கிறது. அப்படி இருந்தால், அதைச் சோதித்துச் சான்று வாங்கிவைப்பது பெற்றோர் கடமை. பரீட்சையில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளும் அதன் வழியாகக் கிடைக்கும்.

எழுதுவதில் குறைபாடு உள்ள ஒரு மாணவிக்கு 2021-ம் ஆண்டு நீட் பரீட்சையில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்டது. அது தவறு என்று சுப்ரீம் கோர்ட் அந்த ஆண்டே தீர்ப்புக் கூறியது. குறைபாடு உள்ளவருக்கு நியாயமான வசதி செய்து கொடுப்பது தயவு அல்ல, உரிமை என்பது அதன் சாரம். அந்தக் கொள்கை பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிடலாமா? விண்ணப்ப மேஜைக்கும் வரவேண்டாமா?

நாம் கேட்பது

அரசாங்கம் சும்மா இல்லை. 2022-ல் 'கல்லூரிக் கனவு' என்று பிளஸ்-2 மாணவர்களுக்கு வழிகாட்டும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. கலந்தாய்வுக்கு மாவட்டந்தோறும் உதவி மையங்கள் வைத்தது. பாராட்டுகிறோம். ஆனால், தானாக நடந்து வந்து கேட்கிற பிள்ளைக்குத்தான் உதவி மையம் உதவுகிறது. கேட்கவேண்டும் என்பதையே மறந்துபோகிற பிள்ளையைத் தேடிப் போவது யார்?

ஆகவே நாம் கேட்பது இது:

பள்ளிதோறும், பரீட்சைக்கு முன்பே, விண்ணப்பத்துக்கென்று சில வகுப்புகள் ஒதுக்கப்படவேண்டும். சான்றிதழ் சேகரிப்பதும், படம் எடுத்து வைப்பதும் வகுப்பிலேயே முடியட்டும்.

இந்தப் பிள்ளைகள் யார் யார் என்பது வகுப்பு ஆசிரியருக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும், கல்லூரியில் சேரும்வரை, ஒரு பொறுப்பாசிரியர் வேண்டும். நாலு தடவை போன் செய்து, "செய்தாயா தம்பி?" என்று கேட்டால் போதும்.

இடம் ஒதுக்கிய செய்தி மாணவனோடு நின்றுவிடாமல் பொறுப்பாசிரியருக்கும் போகவேண்டும். பதில் வராத இடத்தை ரத்து செய்வதற்கு முன், ஒருமுறை நேரில் பேசிக் கேட்கவேண்டும். கடன் தவணை தவறினால் வீடு தேடி ஆள் வருகிறதே! ஒரு மாணவனின் வாழ்க்கை தவறும்போது ஒரு போன் வரக்கூடாதா?

"எல்லோருக்கும் ஒரே விதி, இவர்களுக்கு மட்டும் சலுகையா?" என்று சிலர் சொல்லக்கூடும். நாம் மார்க்கில் சலுகை கேட்கவில்லை. தரவரிசையில் சலுகை கேட்கவில்லை. தகுதியால் அவன் சம்பாதித்த இடம், மறதியால் அவன் கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறோம். இந்த ஏற்பாடு செல்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் உதவும். படிக்காத தாய் தகப்பனின் பிள்ளைக்கும் உதவும்.

டீக்கடைக்காரர் மகனின் கதை அந்த வருஷத்தோடு முடியவில்லை. மறு வருஷம் அவன் மீண்டும் விண்ணப்பித்தான். காலண்டர் தாள்களில் அக்கா சிவப்பு மையில் எழுதினாள். ஒதுக்கீடு வந்த அன்று காலை பத்து மணிக்கு, தகப்பனார் ஒரு மணி நேரம் கடையை மூடிவிட்டு வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. பொத்தானை அழுத்தியவன் மகன்தான்.

இப்போது அவன் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் படிக்கிறான். பக்கத்து வீட்டு மோட்டார் இன்னும் ஓடுகிறது.

பெற்றோர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு மறதிக்காரப் பிள்ளை இருக்கலாம். 'சோம்பேறி' என்று சொல்வதற்கு முன், ஒரு மணி நேரம் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.